கொல்லை வாசலில் இறங்கிய கூடை

"பேனா புடிச்ச கை, ரெண்டு மாசம் தாங்குதான்னு பாப்போம்" என்று சிரித்தார் மனைக்காரம்மா. சிதம்பரத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் வீடு கட்டாமல் கிடந்த அவருடைய காலி மனையை, காய்கறி போட வாடகைக்குக் கேட்டுப் போயிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கடலூரில் அலுவலக வேலை. அந்தச் சிரிப்பு சுட்டது. முள்ளை வெட்டி, செங்கல் துண்டுகளைப் பொறுக்கிக் கத்திரி நட்டோம். நட்டோம் என்கிறேன், நட்டது அம்மாதான். நடவு, களை என்று பிறர் வயலில் கூலிக்கே போய்வந்தவர். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மண்வெட்டி பிடித்தேன்.

முதல் காய் பறிக்கப் பதமாகியிருக்கும் என்று ஆசையாகப் போன ஞாயிறு, செடியில் ஒன்றுகூட இல்லை.

"மனைக்காரம்மா வூட்டுல குடுத்துட்டேன். மொத காயாச்சே" என்றார் அம்மா.

கூலிக்குப் போன நாளெல்லாம் நிலத்துக்காரர் வீட்டுக் கொல்லை வாசலில் கூடையை இறக்கிவிட்டு, யாராவது வரும்வரை நின்றே பழகியவர். வாடகை கொடுக்கிறோம், காய் நம்முடையது என்றேன். "மண்ணு அவுங்களது தானடி" என்றார்.

மறுவாரமே மனைக்காரம்மா சொல்லியனுப்பினார்: வாரா வாரம் ஒரு கூடை வேண்டும். மறுத்தால் மனை போய்விடும். கொடுத்தால் அம்மா மறுபடியும் கூலியாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டு முன்வாசலில் ஏறினேன்.

"ஆன்ட்டி, இனிமே காய் வேணும்னா விலைக்குத்தான் தருவோம்."

"அடேயப்பா! என் மனையில வெளஞ்சத நானே காசு குடுத்து வாங்கணுமா? அப்ப காலி பண்ணு."

நான் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன். பின்னால் நின்ற அம்மா ஒரு படி மேலே ஏறி வந்தார். "வாடகை குடுத்துதானம்மா வெள்ளாம பண்றோம். பிஞ்சா பாத்துப் பறிச்சிட்டு வாரேன். ஒரு கிலோவா, ரெண்டு கிலோவா?"

மனைக்காரம்மா உள்ளே போய்ப் பர்ஸை எடுத்துவந்தார். "ஒரு கிலோ போதும். சொத்தை இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

அம்மாவுக்கு நான்தான் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று அதுவரை எனக்கொரு கர்வம் இருந்தது. நான் பயந்து நின்ற இடத்தில் அவர் வியாபாரம் பேசினார்.

போன வாரம் பக்கத்து மனையையும் எடுத்துவிட்டோம். வாடகை ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயரைத்தான் எழுதினேன். வெண்டை விதை ஊன்றியாகிவிட்டது.