எடைமேடைத் திரையில் என் அப்பா பெயர்

மலேசியாவில், ரெம்பாவ் பக்கத்துச் செம்பனை ஆலையில் லோரிகளை எடைபோடும் அந்த அக்காவை ஒரே ஒருமுறைதான் சந்தித்தேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. பேசப் பேசக் கைக்குட்டையால் கணினித் திரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் துடைத்த வேகத்தில் கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருந்தது.

“யாரு தம்பி இங்க சோம்பேறி? காலையில மெஷினைத் திறந்தா அதைத்தான் காட்டுது. லோரிக்காரனுங்க எல்லாம் பார்த்துட்டு என்னை ‘சோம்பேறி பாஸ்’னு கூப்பிடுறானுங்க லா! ஒரு நாளாவது நான் லேட்டா வந்திருப்பேனா?”

அந்தக் கணினியின் கெர்னலை, அதாவது மற்ற எல்லாவற்றையும் இயக்கும் அடிப்படை நிரலை, கம்பைல் செய்து, கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்தவன் நான். யார், எந்தக் கணினியில், எப்போது கம்பைல் செய்தார் என்பது கெர்னலுக்குள்ளேயே பதிந்துவிடும்; கணினியைத் திறக்கும்போது திரையிலும் வரும். என் மடிக்கணினியில் நான் ‘பாஸ்’. மடிக்கணினியின் பெயர் ‘சோம்பேறி’. இரண்டில் ஒன்றுதான் பொய்.

அசடு வழிந்தேன். “அக்கா பேரையே போட்டுடட்டுமா?”

கைக்குட்டை நின்றது.

“எம் பேரு எதுக்கு? இது ரோசாக் ஆகி நின்னுபோனா என்னையா ஏசணும்? செஞ்சவன் பேரைப் போடு. முழுப் பேரு, அப்பா பேரோட!”

அப்படியே மறுபடி கம்பைல் செய்தேன். இப்போது கணினி நின்றுபோனால் லோரிக்காரர்கள் என்னை அப்பா பெயரோடு சேர்த்து ஏசுகிறார்களாம். பாவம், அப்பாவுக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது. அவருக்காகவே நான் எதையும் இரண்டு முறை சோதித்து அனுப்புகிறேன். மடிக்கணினி மட்டும் இன்னும் சோம்பேறிதான்.