புத்தகத்தில் கருப்பு

எங்கள் மட்டக்குதிரை வெளுத்துப்போனதற்கு யார் மேலும் குற்றம் இல்லை. அது வெளுப்பதற்கென்றே பிறந்த குதிரை. இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று எனக்கும் இது தெரியாது, என் புருஷனுக்கும் தெரியாது, திருத்தணி ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நிறுத்தியிருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

என் புருஷன் எனக்கு அத்தை மகன். வீட்டில் தெலுங்கும் தமிழும் கலந்து புழங்குவதால் அவரைக் கடைசி வரை பாவா என்றுதான் கூப்பிட்டேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தும் அவருக்குத் தறிக்குழி ஆகாது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் காலைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். ஜட்கா வாங்கி, ரயிலில் வந்து இறங்குகிறவர்களை மலையடிவாரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனார். நான் வீட்டுக்குப் பின்னால் நூலுக்குச் சாயம் போட்டேன். ஊரில் கருப்பு என்றால் என் வீட்டுக் கருப்புதான். பத்து தண்ணீரில் அலசினாலும் போகாது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

குதிரையை மூன்று வயதில், வேலூர்ப் பக்கத்துச் சந்தை ஒன்றிலிருந்து நடத்தியே கூட்டிவந்தார். பெண் குதிரை. அடுப்புக்கரி நிறம். லைசென்ஸ் எடுக்கப் போனபோது ஆபீசில் இருந்த கிளார்க் அச்சடித்த பாரத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தார். நிறம் என்ற இடத்தில் கருப்பு, செவலை, வெள்ளை, புள்ளி என்று நான்குதான் இருந்தன. மூன்றை அடித்துவிட்டுக் கருப்பை விட்டுவைத்தார். நெற்றியில் ஒரு சுழி என்று கையால் எழுதிக்கொண்டார். குதிரையின் ஜாதகம் அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து மூக்குக்கு மேலே நரைக்கத் தொடங்கியது. பிறகு கழுத்து, அதற்குப் பிறகு வயிறு. முதலில் சாம்பலாக இருந்தது, ஒன்பதாவது வயதில் வேட்டி வெள்ளையாகிவிட்டது. ஸ்டாண்டில் இருந்தவர்கள் விடுவார்களா? பொண்டாட்டி கையால் சாயம் போட்ட குதிரையோ, ஒரு மழைக்கே போச்சே என்று அவரைக் கிண்டல் செய்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே வந்து என்னிடம் சொல்வார். எனக்குச் சிரிப்பு வராது.

பழைய கிளார்க் இருந்தவரை ஒரு தொல்லையும் இல்லை. வருஷா வருஷம் தலையைத் தூக்காமல் புதுப்பித்துக் கொடுத்தார். அப்புறம் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். சிலர் ஒரே லைசென்சில் இரண்டு குதிரைகளை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இளைத்துப்போனதை வீட்டில் கட்டிவிட்டு, எங்கிருந்தோ ஒன்றை வாடகைக்குப் பிடித்துவந்து பூட்டுவார்கள். அந்தத் திருட்டை நிறுத்துவதற்காக அவர் ஒவ்வொரு குதிரையையும் லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். எங்கள் முறை வந்தது. புத்தகத்தில் கருப்பு, எதிரில் நிற்பது வெள்ளை.

இதே குதிரைதான், வெளுத்துவிட்டது என்று பாவா சொன்னார். நெற்றிச் சுழியைக் காட்டினார். சுழி எல்லாக் குதிரைக்கும்தான் இருக்கிறது என்றார் இன்ஸ்பெக்டர். பாவா விடவில்லை. தோள்பட்டையில் வெள்ளை மயிரை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்து, "தோலப் பாருங்க சார், கருப்புதான்" என்றார். உண்மையிலேயே அடித்தோல் கருப்பாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டரே குனிந்து பார்த்தாராம். பார்த்துவிட்டு, மயிரின் நிறத்தைத்தான் எழுதுவது வழக்கம், தோலின் நிறத்தை இல்லை என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் வெள்ளை என்று மாற்றி எழுதுங்கள் என்று கேட்டதற்கு, நிறம் மாறினால் அது புதுக் குதிரை, புதுக் குதிரைக்குப் புது லைசென்ஸ் என்றார். மலைக்கு மேலேயே பஸ் ஏறத் தொடங்கியிருந்த காலம் அது. புது ஜட்கா லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். ஆடிக் கிருத்திகைக்குள் இது பழைய குதிரைதான் என்று காட்டாவிட்டால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தக் கூடாது என்று முடித்துவிட்டார். காவடிக் கூட்டம் வரும் அந்த நாலைந்து நாள்தான் எங்களுக்கு வருஷத்தையே தள்ளிக்கொண்டு போகும்.

அந்த வாரம் முழுக்க ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் இதே பேச்சு. குட்டியில் என்ன நிறமோ அதுதான் குதிரையின் நிறம் என்று ஒரு கட்சி. இன்றைக்குக் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் என்று இன்னொரு கட்சி. மனுஷனுக்கு நரைத்தால் ரேஷன் கார்டில் பேரை அடிப்பார்களா என்று ஒருவர் கேட்டாராம். நியாயம் பேச எல்லோருக்கும் வாய் இருந்தது. எழுதுகிற பேனா மட்டும் வேறு ஒருவர் கையில் இருந்தது.

நான்தான் சொன்னேன், சாயம் போட்டுவிடலாம் என்று. ஒரு நாள் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தால் போதாதா? பாவா என்னை வெறித்துப் பார்த்தார்.

"அது இன்னா நூலா, முக்கி எடுக்கறதுக்கு? வேணாம். அந்தப் பேச்ச உட்டுடு."

எங்கள் ஊர் மாட்டு டாக்டர் லீவில் இருந்தார். அரக்கோணத்தில் இருக்கும் டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பாவா மறுநாள் காலை ரயிலில் போனார். அவர் தலை மறைந்ததும் நான் அண்டாவை அடுப்பில் ஏற்றினேன்.

நான் போட்டுக்கொண்டிருந்தது பருத்தி நூலுக்கான கருப்பு. அந்தச் சாயம் தண்ணீரில் தானாகக் கரையாது. சல்பைடு கட்டியைப் போட்டுக் காய்ச்சினால்தான் கரையும். கூமுட்டை நாற்றம் அடிக்கும், கை நகத்தைத் தின்னும். அதெல்லாம் எனக்குப் பழக்கம். ஆறவைத்துக் கொஞ்சம் தண்ணீர் கலந்து, துணியில் தோய்த்து, கழுத்திலிருந்து வால் வரை பூசினேன். குதிரை நடுங்கியது. ஈரம் சேரவில்லை என்று நினைத்தேன். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, நான் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடியே பூசினேன். முதலில் பச்சையாகத் தெரிந்தது, வெயில் பட்டதும் கருப்பு ஏறியது. எட்ட நின்று பார்த்தேன். சந்தையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை.

பட்டு நூலை அந்தத் தொட்டியில் போடக் கூடாது என்று எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். போட்டால் பட்டு கூழாகிவிடும். பருத்தி செடியிலிருந்து வருகிறது, பட்டு புழுவிலிருந்து வருகிறது என்றும் தெரியும். குதிரை மயிர் எந்தப் பக்கம் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். ஆயுசு முழுக்கச் சாயத்தில் கை வைத்தவள் யோசிக்கவில்லை.

பாவா சாயங்காலம் வந்தார். தெருவிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

"நம்ம குதிரைக்கு ஒண்ணும் இல்லியாம். இந்த மாதிரி குதிரைங்க பொறக்கசொல்ல கருப்பா இருந்து, வயசாக வயசாக வெளுக்குமாம். திங்கக்கெழமை அவரே வந்து பாத்து எழுதித் தரேன்னாரு."

சொல்லிக்கொண்டே பின்பக்கம் வந்தவர் குதிரையைப் பார்த்தார். கிணற்றடிக்குப் போய்க் குடம் குடமாகத் தண்ணீர் இறைத்து ஊற்றத் தொடங்கினார். நானும் இறைத்தேன். அது போகாத சாயம்.

காலையில் கழுத்தைத் தொட்டபோது மயிர் கையோடு வந்தது. மத்தியானத்துக்குள் முதுகிலும் விலாவிலும் திட்டுத் திட்டாக உதிர்ந்து தோல் கொப்பளித்துவிட்டது. தேங்காயெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டோம். ஈ ஓட்ட நானும் அவரும் மாறி மாறி வேப்பிலைக் கொத்தோடு நின்றோம். குதிரை நின்றபடியே இருந்தது, கொள்ளு வைத்தும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை சொன்னபடி டாக்டர் வந்தார். வந்ததும் வாசனையைப் பிடித்துவிட்டார். ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில், ஆட்டுத்தோலில் இருக்கும் மயிரை உதிர்க்க இந்தச் சல்பைடைத்தான் போடுகிறார்கள் என்றார். யார் பூசியது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பாவா சொன்னார்.

"நான்தான் சார்."

டாக்டர் அவரை ஏசிய ஏச்சைத் தெருவே கேட்டது. ஏசிவிட்டு, கையெழுத்துப் போட்டு அந்தக் காகிதத்தையும் கொடுத்தார். இது அதே குதிரை, வயதால் வெளுத்தது என்று அதில் இருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் படித்துப் பார்த்து மறுபேச்சு இல்லாமல் லைசென்சைப் புதுப்பித்தார். கிருத்திகைக்கு ஆறு நாள் இருந்தது. நான்காம் நாள் குதிரை செத்துப்போனது.

ஜட்காக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஸ்டாண்டில் யார் குதிரை செத்தாலும் அன்றைக்கு எல்லோரும் வண்டியை அவிழ்த்துவிடுவார்கள். மஞ்சள், குங்குமம், மாலையோடு வந்து, கூடச் சேர்ந்து குழி வெட்டி, ஆளுக்கொரு கை மண் போடுவார்கள். பேசாத விரோதியும் வருவான். பாவா எத்தனையோ குழிக்கு மண் போட்டவர். எங்கள் குதிரைக்கு ஒருவரும் வரவில்லை. லைசென்சுக்காகக் குதிரையைப் பொசுக்கியவன் என்று பேச்சு பரவியிருந்தது. நானும் அவரும் மட்டும் வெட்டினோம். கால் நான்கும் மடங்காமல் குழி போதாமல் போய், மறுபடியும் இறங்கி வெட்டினோம்.

போய்ச் சொல்லிவிடுகிறேன், நான் செய்ததற்கு நீங்கள் ஏன் பேச்சு வாங்க வேண்டும் என்று அழுதேன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ வாயத் தொறக்காத. எனக்குதான் வண்டி போச்சு. உனுக்கும் நூலு குடுக்காம போனாங்கன்னா இன்னா சாப்புடறது?"

அது சரியாகத்தான் பட்டது. சாயம் தெரியாதவள் என்று பேர் வந்தால் என் வீட்டுப் படியை யார் மிதிப்பார்கள்? வாயை மூடிக்கொண்டேன். அவர் வண்டியை விற்றுவிட்டு, எந்தத் தறிக்குழி ஆகாது என்று சின்ன வயதில் எழுந்து போனாரோ அதிலேயே வந்து இறங்கினார். பத்து வருஷத்துக்கு மேல் ஸ்டேஷன் வாசல் வழியாக நடக்கமாட்டார். ரயிலுக்குப் போக வேண்டுமென்றால் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்.

அவர் இறந்தபோது பழைய ஜட்காக்காரர்களில் ஒருவர் துக்கம் கேட்க வந்தார். அப்போது நான் சாயம் போடுவதை விட்டு நான்கு வருஷமாகியிருந்தது. எனக்கு நூல் கொடுக்கவும் ஆள் இல்லை, கொடுக்காமல் நிறுத்தவும் ஆள் இல்லை. வந்தவர் பாவாவின் தலைமாட்டில் நின்று பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நல்ல மனுசன்மா. ஒருத்தரக்கூட மனசு நோவப் பேசனதில்ல. அந்தக் குதிர விசயம் ஒண்ணுதான். இன்னாத்துக்கு அப்படிப் பண்ணாரோ."

"யாருக்குத் தெரியும்" என்றேன் நான்.