ஓரத்தில் நின்ற இரண்டாவது நிரை

1. ராகலையில் விடியும்போதே மழை. கரண்ட் போனது.
2. மடிக்கணினி அணைந்தது. நான் வரைந்த புரத வடிவம் அதற்குள் மாட்டிக்கொண்டது.
3. கையில் போன் மட்டும் மிஞ்சியது. தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்குள் சிக்னல் வராது. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு மேலே உள்ள பாதை வளைவில்தான் வரும்.
4. அங்கே ஏறி நின்றேன். மழை விட்டது. திரையில் தேர்வாளர்கள் மூவரும் வந்தார்கள்.

என் முதலாண்டு ஆய்வை ஏற்பதா இல்லையா என்று அவர்கள் அன்று சொல்ல வேண்டும். ஏற்காவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது.

நான் படிப்பது ஒரு மீனின் நோயெதிர்ப்பு ஏற்பி. கிருமி வந்ததை உயிரணுவுக்கு வெளியே உணர்ந்து உள்ளே தகவல் சொல்லும் புரதம். தகவல் சொல்லும் அந்த உள்பகுதி எந்தக் குடும்பம் என்பதுதான் கேள்வி. அமினோ அமில வரிசையை வைத்துப் பார்த்தால் எதனோடும் சரியாக ஒட்டவில்லை. கணினி கணித்த வடிவத்தை வைத்து அது டிஐஆர் என்ற குடும்பம் என்றேன்.

"படமே இல்லாமல் வடிவத்தை எப்படி நம்புவது?" என்று தலைமைத் தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார்.

பறித்த பகல் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அம்மாவும் சின்னம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் அப்போதுதான் வளைவில் இறங்கி வந்தார்கள். டிஐஆர் வடிவத்தின் நடுவில் அடுத்தடுத்து நிற்கும் இழைகளும் ஐந்துதான்.

"அம்மா, எல்லாரும் நெரை புடிச்சு நில்லுங்க. ஒரே பக்கம் பாக்கணும்."

"மொதல்ல சோறு திங்க விடுடி," என்றபடியே நின்றார்கள். புரதச் சங்கிலியில் இழைகள் வரும் முறைப்படி அம்மா ஒன்று, சின்னம்மா இரண்டு என்று எண் கொடுத்தேன். அம்மா நேராக ஓரத்துக்குப் போய்விட்டார். மலையில் கொழுந்து பறிக்க ஆளுக்கொரு செடி வரிசை பிரித்துக் கொடுப்பார்கள்; முதல் நிரை ஓரத்தில்தான் தொடங்கும்.

"இல்லம்மா, ரெண்டாவதுதான் ஓரம். நீங்க அதுக்கு அடுத்து. அப்புறம் மூணு, நாலு, அஞ்சு."

"ஒன்னாம் நெரை இருக்கையில ரெண்டு எப்புடிடி ஓரத்துக்குப் போவும்?"

"நெரை பிரிச்ச கங்காணி தண்ணியப் போட்டிருப்பான்," என்றார் சின்னம்மா.

திரையில் தமிழ் தெரிந்த தேர்வாளர் வெடித்துச் சிரித்தார். மற்ற இருவருக்கும் அவரே மொழிபெயர்த்தார்.

போனை அவர்கள் பக்கம் திருப்பினேன். இழைகள் ஐந்தும் ஒரே திசை. வரிசை இரண்டு, ஒன்று, மூன்று, நான்கு, ஐந்து. இவர்களுக்கு முன்னும் பின்னும் புரதத்தின் சுருள் பகுதிகள் என்றேன்.

"இதே வரிசை வேறு குடும்பங்களிலும் உண்டே?" என்றார் தலைமைத் தேர்வாளர்.

"உண்டு. அதனால் இதையும் பாருங்கள்," என்று சின்னம்மாவைக் கையை நீட்டச் சொன்னேன். இரண்டாவது இழையின் முனையிலிருந்து நீளும் கண்ணி அது. தகவலை வாங்கும் அடுத்த புரதம் ஒட்டும் இடம். அதில் இந்தக் குடும்பத்தில் பெரும்பாலும் காணப்படும் புரோலின் என்ற அமினோ அமிலம் என் மீனிலும் அதே இடத்தில் இருக்கிறது.

"எம்புட்டு நேரம்டி கைய நீட்டிக்கிட்டே நிக்கிறது? யாராச்சும் புடிங்க!"

அம்மா எட்டிப் பிடித்தார்.

"ஐயோ, நீங்க புடிக்கக் கூடாதும்மா! வேற வீட்டு ஆளுதான் புடிக்கணும்!"

"அப்ப அந்தத் தொரைய வந்து புடிக்கச் சொல்லு," என்று சின்னம்மா போனில் தெரிந்த தலைமைத் தேர்வாளரைக் காட்டினார். ஐந்து இழைகளும் சிரித்துக் குலைந்தன. மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஏற்கிறோம் என்றார்.

வகைப்பாடு இப்போதைக்கு டிஐஆர்தான். அந்தக் கண்ணியை எந்தப் புரதம் பிடிக்கிறது என்று ஆய்வகத்தில் இன்னும் பார்க்கவில்லை. நான் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன்.