கால் மறக்காத மணி

அய்யாக்கண்ணுவை யாராவது "நீங்க என்ன வேலை?" என்று கேட்டால், "டிராம் ஓட்டுறேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அந்தப் பதிலில் பாதி பொய் என்பது அவருக்கே பிற்பாடுதான் தெரிந்தது.

நிபோங் திபால் தோட்டத்திலிருந்து பினாங்குக்கு வந்த நாள்முதல் அவர் டிராமில்தான் இருந்தார். இடக்கையில் மின்சாரக் கைப்பிடி, வலக்கையில் பிரேக், இடக்காலடியில் மணி. யாராவது குறுக்கே வந்தால் காலால் ஓங்கி மிதிப்பார். டிங் டிங் என்று தெருவே விலகும். ஒரு ராஜா இதைவிட என்ன செய்துவிடப்போகிறான் என்பது அவர் எண்ணம்.

ஒரு நாள், ஜெலுத்தோங் தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, மேலே கம்பியில் மின்சாரம் வாங்கி ரப்பர் சக்கரத்தில் ஓடும் டிராலி பஸ்ஸை விடப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. பரீட்சையில் தேறுகிறவர் பஸ் ஓட்டலாம். தேறாதவர் டிப்போவில் வண்டி கழுவலாம். அய்யாக்கண்ணு அன்று மாலையே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: "புது பஸ்ஸுக்கு நான்தான் டிரைவர்." கேட்காதவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார்.

சொல்லிக்கொடுக்க வந்தவர் அலாவுதீன், லாரி ஓட்டியவர், இவரைவிட இளையவர். முதல் நாள் டிப்போ மைதானத்தில் பஸ் நேராகப் போயிற்று. அய்யாக்கண்ணு ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு கையாலும் தாம்பாளம் போலப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். வளைவு வந்தது. பஸ் வளையவில்லை. வேலியில் போய் நின்றது. கூரைமேலிருந்து மின்சாரம் வாங்கும் இரண்டு கழிகளும் கம்பியைவிட்டு விலகி வானத்தைக் காட்டின.

"அண்ணே, வளைவு வந்துச்சே, பாக்கலயா?"

"பாத்தேன் தம்பி."

"அப்புறம் ஏன் திருப்பல?"

"அதுவே திரும்பும்னு நெனச்சேன்."

கூடவே பஸ் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பிச்சைமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் மாட்டுவண்டியை விட்டு இந்த வேலைக்கு வந்தவர். தண்டவாளத்தின் மேலே வண்டியை ஓட்டுகிறார் என்று அய்யாக்கண்ணு பல வருஷம் மணியடித்து விரட்டியவர். "இத்தன நாளா வண்டிய ஓட்டுனது தண்டவாளம் லா. நீங்க சும்மா நின்னுக்கிட்டே கூட வந்திருக்கீங்க."

அய்யாக்கண்ணு இறங்கி, விலகிய கழிகளைக் கம்பியில் மாட்டப் போனார். சொன்னதில் பொய் இல்லை. மாட்டைத் திருப்பித் திருப்பிப் பழகிய பிச்சைமுத்துவுக்கு இரண்டு சுற்றிலேயே சக்கரம் வசப்பட்டுவிட்டது. இவருக்கும் வசப்பட்டது, கொஞ்சம் தாமதமாக. கைக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் புதியதை எடுத்துக்கொண்டது.

தொல்லை காலில் இருந்தது. பஸ்ஸில் வலக்கால் பிரேக், இடக்கால் மின்சாரம்; மிதித்தால் ஓடும். டிராமில் மணி இருந்த அதே இடம். மைதானத்தில் குறுக்கே ஒரு கோழிகூட வராது. கால் சாதுவாக இருந்தது. அலாவுதீனும் திருப்தியோடு தெருவுக்குக் கூட்டிப்போனார். ஒரு ரிக்‌ஷா குறுக்கே வந்ததும் இடக்கால் ஓங்கி மிதித்தது. மணி அடிக்கவில்லை. பஸ் பாய்ந்தது. ரிக்‌ஷாக்காரர் குதித்த குதியை அய்யாக்கண்ணு எந்தக் கூத்திலும் பார்த்ததில்லை.

"மிதிக்காதீங்கண்ணே!" என்றார் அலாவுதீன். எல்லாருக்கும் அவர் சொல்லும் பாடம் அதுதான்.

"நான் மிதிக்கல தம்பி. கால் மிதிச்சிருச்சு."

வீட்டில் நாற்காலி போட்டு, கீழே இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்துப் பழகினார். தெரு செய்வதை வீட்டில் செய்ய ஆள் வேண்டுமே. மனைவி ருக்குமணியை, எதிர்பாராத நேரத்தில் பயமுறுத்தச் சொன்னார். அந்த வேலை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பின்னாலிருந்து தட்டைப் போட்டாள். முன்னாலிருந்து பூனையைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் இடச் சிரட்டை நொறுங்கியது. "மிதிக்காதே" என்று காலுக்குச் சொல்லச் சொல்ல அது இன்னும் வேகமாக மிதித்தது.

"பாவம், அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் ருக்குமணி, சிரட்டைத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டே. "யாரோ சாகப்போறான், மணி அடிக்கணும்னு அது அடிக்குது. உங்களவிட அதுக்கு வேலையில அக்கறை."

அய்யாக்கண்ணு காலைக் குனிந்து பார்த்தார். மணி அடித்தாக வேண்டும்; அப்படியானால் வேறு யாராவது அடித்துவிட்டால்? அடுத்த தட்டு விழுந்தபோது வாயைத் திறந்து, "டிங் டிங்!" என்று கத்தினார். இடக்கால் சும்மா இருந்தது. வலக்கால் மெதுவாகத் தன் சிரட்டையை அழுத்தியது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பரீட்சையன்று வெள்ளைக்கார இஞ்சினியர் பக்கத்தில் உட்கார்ந்தார், பின்னால் அலாவுதீன். ஜெலுத்தோங் சந்தை அருகில், தோளில் காவடி போல் இரண்டு கூடை தொங்க ஒரு சீன வியாபாரி பாதையில் இறங்கினார்.

"டிங் டிங் டிங் டிங்!"

பஸ் குலுங்காமல் நின்றது. வியாபாரி பஸ்ஸுக்குப் பயப்படவில்லை. அதை ஓட்டிய மனிதரைப் பார்த்துத்தான் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்.

இஞ்சினியர் மலாயில் கேட்டார்: கைக்குப் பக்கத்தில் ஹாரன் இருக்கிறதே, எதற்கு இந்தச் சத்தம்?

"ஹாரன் கைக்குத்தான் தெரியும். காலுக்குத் தெரியாதுன்னு சொல்லு தம்பி" என்றார் அய்யாக்கண்ணு.

அலாவுதீன் அதை எப்படி மலாயில் சொன்னாரோ, துரை வெகுநேரம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு, "நின்றது அல்லவா, போதும்" என்றார்.

வேலைக்கு இறங்கிய முதல் நாள் எதிரே பிச்சைமுத்துவின் பஸ் வந்தது. அவர் ஜன்னலில் தலையை நீட்டி, "டிங் டிங்!" என்று கத்தினார். அதற்குள் சந்தை முழுக்க அய்யாக்கண்ணுவுக்கு அதுவே பெயராகியிருந்தது. பதிலுக்கு ஒரு ராஜாவைப் போலக் கையைத் தூக்கலாம் என்று அய்யாக்கண்ணுவுக்கு ஆசை. ஆனால் வளைவு வந்துகொண்டிருந்தது. இது தானாகத் திரும்பாது என்பது நல்லவேளையாக நினைவு வந்தது. இரண்டு கையாலும் திருப்பினார்.