கழற்றிக் காட்டாத பல்

வாய்ப் பரிசோதனைப் பாரத்தில் அந்தப் பெண் போட்டிருந்த 2-ஐ அடித்துவிட்டு 0 போட்டவள் நான்தான். கண் தெரியாமல் போட்டதல்ல, அவசரத்தில் போட்டதும் அல்ல. வயிற்றெரிச்சலில் போட்டேன்.

ஈப்போவில், புந்தோங்கில் என் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் முதியோர் இல்லம் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை அங்கிருக்கும் இருபத்திரண்டு பேரின் வாயையும் பார்த்து எழுத வேண்டும். உதடு, நாக்கு, ஈறு, எச்சில், சொந்தப் பல், கட்டிய பல், சுத்தம், வலி என்று பாரத்தில் எட்டு வரி. நன்றாக இருந்தால் 0, கொஞ்சம் மாறியிருந்தால் 1, டாக்டர் பார்த்தே ஆகவேண்டும் என்றால் 2. பல் டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். 2 வாங்கியவர்களை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார். மற்றவர்கள் இன்னும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதுதான்.

என் பாரங்கள் பார்க்க அழகாக இருக்கும். எல்லா வரியிலும் 0, குறிப்பு எழுதும் இடத்தில் 'ஓகே'. யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

பிறகு அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். சித்தியவான்காரி, இருபத்தைந்து வயது, நர்ஸிங் டிப்ளோமா. கையில் டார்ச் லைட்டும் நாக்கை ஒதுக்க மரக்குச்சியுமாக ஒவ்வொருவர் வாய்க்கும் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வாள். குறிப்பு எழுத இடம் போதாமல் பாரத்தின் பின்பக்கத்துக்கும் போய்விடுவாள். என் விரலைக் கடித்த ஐயா ஒருவர் உண்டு. அவர் அவளுக்கு ஆவென்று திறந்து காட்டினார், போதாததற்கு "தேங்ஸ்மா" வேறு. பார்த்துக்கொண்டு நின்ற எனக்குக் காது சூடானது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது ஜன்னலோரக் கட்டிலில் இருந்த அம்மா ஒருவர் விஷயத்தில்.

அவர் சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். இன்றும் வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்கப் போகிறவர் மாதிரி விடியுமுன் எழுந்து, குளித்து, பவுடர் போட்டு, பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேல்வரிசை முழுவதும் கட்டிய பல். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரே கழற்றிக் கழுவி, மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். கழற்றுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

"பல்செட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்கம்மா" என்பேன்.

அவர் என் வாயைப் பார்ப்பார். "உன்னோடது சொந்தப் பல்லு. குடுத்து வச்சவ லா நீ."

நான் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்பில் தெரியும் முன்பல் இரண்டும் என்னுடையவை அல்ல. இங்கே வேலைக்குச் சேருமுன்பே, மழையில் மோட்டார் சறுக்கி விழுந்ததில் போய்விட்டன. ரோஸ் நிறத் தகட்டில் கட்டிய இரண்டு பல்லைத்தான் மாட்டிக்கொண்டு திரிகிறேன். வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் தெரியாது. அம்மா பாராட்டும்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். பாராட்டு இனித்தது, விட்டுவிட்டேன்.

இல்லத்தில் அவர் என் ஆள். ஆறு வருடமாக நான் ஊட்டினால்தான் கஞ்சி இறங்கும். மகன் வந்தால் "இந்தப் புள்ளதான் என்னை ஜாகா பண்ணுது, நல்லா பாத்துக்குது" என்று என்னைக் காட்டுவார். மாதச் சம்பளத்தைவிட அந்த வார்த்தைக்காகத்தான் நான் வேலைக்குப் போனேன் என்றுகூடச் சொல்வேன்.

அந்த மாதம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வாரமாகக் கஞ்சி பாதிக் கிண்ணத்தில் நின்றது. வாய் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல லா, பசிக்கல" என்றார். நம்பினேன். பாரம் எழுதும் முறை வந்தபோது ஜன்னல் வரிசை அந்தப் பெண்ணுக்குப் போனது. எழுதிக்கொண்டு வந்தாள். கட்டிய பல் 2, வலி 2. கீழே குறிப்பு: மேல் செட்டைக் கழற்றிப் பார்த்ததில் அண்ணத்தில் புண் இருக்கிறது, செட்டு உரசுகிறது, சாப்பிடும்போது வலி என்று அவரே சொன்னார்.

மூன்று முறை படித்தேன். கழற்றினாராம். சொன்னாராம். யாரிடம்?

"நீ எப்படிப் பாத்த?"

"கழட்டுங்க பாட்டின்னு கைய நீட்டினேன், குடுத்துட்டாங்க அக்கா. செனாங் லா, ஒரு கஷ்டமும் இல்ல."

நான் அம்மா என்று கூப்பிடுகிறவரை வந்த மூன்றாவது மாதமே பாட்டியாக்கிவிட்டாள். நேரே கட்டிலுக்குப் போனேன்.

"வலிக்குதுன்னு சொன்னீங்களாம்மா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது சும்மா சொல்லுது."

எனக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு 2-ஐயும் அடித்தேன், 0 போட்டேன், சீனியர் என்று கையெழுத்தும் போட்டேன். திங்கட்கிழமை வரும் டாக்டருக்கான பட்டியல் அவர் பெயர் இல்லாமல் தயாரானது. அந்தப் பெண் அதைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், டார்ச்சை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அம்மா மைலோ மட்டும் குடித்தார். ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. வயசாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை குளியலறையைத் தாண்டிப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. அந்தப் பெண் குழாயடியில் செட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, குழிந்த வாயைத் திறந்து எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை. என் வீட்டில் வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்ததுபோல் இருந்தது. என்னைக் கண்டதும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"போ! நீ பாக்காத!"

அந்தப் பெண் கதவைச் சாத்தினாள். பல்லை மாட்டிக்கொண்டு அவர் வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன்.

"நேத்து வந்தவகிட்ட காட்டுறீங்க. என்கிட்ட ஏம்மா மறைக்கிறீங்க?" என்றேன்.

"அவ என்னை எப்படி நெனச்சா எனக்கென்ன லா?" என்றார் கோபமாக. "உனக்கு நான் அழகா இருக்கணும். நீ சொந்தப் பல்ல வச்சிக்கிட்டுச் சிரிக்கிற. உன் முன்னாடி பொக்க வாயோட நான் எப்படி உக்காருவேன்?"

ஆபீஸுக்குப் போய்ப் பட்டியலின் அடியில் அவர் பெயரை எழுதினேன். பாரத்தில் இரண்டு 0-ஐயும் அடித்து மறுபடி 2 போட்டேன். என் கையால் அவ்வளவு அசிங்கமான பாரம் ஒன்று போனது அன்றுதான்.

டாக்டர் மலாய்க்காரப் பெண்மணி. வெகுநேரம் பார்த்தார். புண் பெரிதாகிவிட்டது, மருந்து தடவ வேண்டும், இரண்டு வாரம் செட்டையே போடக்கூடாது, பிறகு அதைச் சரிசெய்து தருகிறேன் என்றார். யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். மோவாயால் அந்தப் பெண்ணைக் காட்டினேன். அதற்கே கழுத்து வலித்தது.

செட்டு இல்லாத முதல் நாளிலிருந்து அம்மா என் முன்னால் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கஞ்சியை அவள் மட்டும் ஊட்ட வேண்டுமாம். மூன்று கட்டில் தள்ளி நின்று, கிண்ணத்தில் கரண்டி படும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போர்வை மடித்தேன். பிரியம் என்மேல், கஞ்சி அவள் கையில். காரணம் தெரிந்த பிறகு பொறாமை குறையும் என்று நினைத்தேன், கூடத்தான் செய்தது.

மூன்றாம் நாள் அவள் கையிலிருந்து கிண்ணத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அம்மா துண்டோடு ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் என் தகட்டைக் கழற்றித் தட்டில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"கஞ்சி குடிங்கம்மா." முன்பல் இல்லாமல் பாதி காற்றாகத்தான் வந்தது.

திரும்பினார். தட்டைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார். துண்டு மடியில் விழுந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எத்தன வருஷமா?"

"பதினாலு."

"இத முன்னாடியே காட்டியிருந்தா நான் புண்ணோட கெடந்திருப்பேனாடி?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டு மெதுவாக வாயைத் திறந்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பின்னால் நின்ற அந்தப் பெண்ணிடம் கையை நீட்டி, டார்ச் லைட்டைக் கேட்டு வாங்கினேன்.