பைக் சத்தம் கேட்டால் மட்டும் காகிள்ஸ்

இன்று பதினான்காம் தேதி, வியாழன், காலை 10.40. பட்டறையில் மாணவர்கள் ஒன்பது பேர். முகத்தில் காகிள்ஸ் போட்டிருந்தவர்கள் பூஜ்யம்.

ஏற்காட்டில் நான் கண்ணாடி வெட்டும் பயிற்சி கொடுப்பது உங்களுக்குத் தெரியும். காகிள்ஸும் கையுறையும் இல்லாமல் தகட்டைத் தொடக்கூடாது என்பது முதல் நாள் பாடம். மூன்று மாதமாக நான் எப்போது உள்ளே நுழைந்தாலும் எல்லோரும் ஒழுங்காக மாட்டியிருந்தார்கள். பெருமைப்பட்டு இங்கே படம்கூடப் போட்டேன்.

இன்று வரும் வழியில், வெள்ளக்கடை கிராமத்தில் பைக் நின்றுவிட்டது. பஸ் பிடித்து வந்து உள்ளே போனேன். ஒன்பது காகிள்ஸும் ஆணியில் வரிசையாகத் தொங்கின. மாணவி ஜெனிஃபரின் புருவத்துக்கு மேல் கண்ணாடிச் சில்லு தெறித்து ரத்தம். ஒரு விரல் அகலம் கீழே பட்டிருந்தால் கண்.

மருந்து போட்டுவிட்டுத் திரும்பினேன். நான் நம்பி நியமித்த பாதுகாப்புத் தலைவன் அந்தோணி ஜன்னலோரம் நின்றிருந்தான்.

"பைக் சத்தமே கேக்கலீங்களே சார்."

"அதுக்குத்தான் ஜன்னல்ல நிக்கிறியா?"

"வளைவுல உங்க சைலன்சர் கேட்டதும் நாந்தானுங்க சொல்லுவேன். எல்லாரும் மாட்டிக்குவாங்க. இந்தக் குளிருல காகிள்ஸ்ல நொம்ப ஆவி படியுதுங்க சார்."

மூன்று மாதம். தினமும்.

இனி செய்யப்போவது:

1. ஆவி படியாத காகிள்ஸ் வாங்குவேன். அந்தக் குறை நியாயமானது. என்னிடம் சொல்லியிருக்கலாம்.
2. அந்தோணியின் பதவி ஜெனிஃபருக்கு.
3. பைக் சரியானாலும் பஸ்ஸில்தான் வருவேன். எந்த பஸ் என்று இங்கே யாரும் கேட்காதீர்கள். போன படத்துக்கு முதல் லைக் போட்டவன் அந்தோணி.