கிணற்றில் தொங்கவிட்ட செப்புக் குழாய்

அன்புவழிபுரத்தில் எங்களுக்கென்று வீடு கட்டத் தொடங்கியபோது நான் பிடிவாதமாக நின்றது ஒரே விடயத்தில்தான். தண்ணீர்க் குழாய் செம்பாக இருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கந்தளாயில் வயல் வேலை, துறைமுகத்தில் மூட்டை தூக்கல், பிறகு கட்டாரில் குழாய் பூட்டும் வேலை. அகதி முகாமிலும் வாடகை வீடுகளிலும் மனைவி தண்ணீர் சுமந்தாள். கடைசி வீட்டில் குழாய் இருந்தது. மேற்குச் சுவரில் வெயில் பட்டுப் பட்டு அந்தப் பிளாஸ்டிக் வெடிக்க, அவள் மறுபடியும் வாளியைத் தூக்கினாள். புது வீட்டில் அவள் கேட்டது இவ்வளவுதான்: பால் காய்ச்சிக் குடிபுகும் நாளன்று குசினிக்குள் ஒழுகாமல் தண்ணீர் வர வேண்டும்.

வீட்டைக் கட்டிய மேசன் அவளுடைய தம்பி. பிளாஸ்டிக்கே போதும் என்பது அவன் கட்சி.

"அத்தான், செம்பு கோயில் கலசத்துக்குப் போடுறது. நீங்கள் குசினிக்குப் போடப் போறியளோ?"

"உன்ர பிளாஸ்டிக்கை வெயில் திண்டதை நான் கண்டனான், மச்சான்."

"இதைக் கள்ளன் திம்பான். அதை விடுங்கோ, எங்கட கிணத்துத் தண்ணி செம்பை அரிக்காதோ?"

அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். நகரத்துக்குப் போனேன். கிண்ணியாக்காரர் ஒருவரின் இரும்புக்கடையில், ஏசிக்குப் போடும் சுருள் குழாயை எடுத்து வைத்தார்கள். வளைத்துப் பார்த்தேன், மடிந்தது.

"நானா, தண்ணிக்குக் கனமானது வேணும்" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

"ஆள் விளங்கின ஆள்தான்" என்று சிரித்தபடி அவர் உள்ளேயிருந்து தடித்த நேர்க் குழாயைக் கொண்டுவந்தார். ஒரு துண்டு மட்டும் வெட்டி வாங்கினேன்.

அதை மினுங்கத் தேய்த்து, இரும்புக் கட்டுக்கம்பியில் கட்டிக் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கினேன். கூரை முடியும் வரை கிடக்கட்டும். மண்ணிறமாக வந்தால் செம்பு. பச்சை பிடித்தால் தண்ணீர் அரிக்கிறது, மச்சான் சொன்ன பிளாஸ்டிக்தான். போகிறவர் வருகிறவர் எல்லாம் மீன் ஏதும் பட்டதா என்று கேட்டார்கள்.

கூரை முடிந்ததும் இழுத்தேன். வெறும் கம்பிதான் வந்தது. செம்பைத் தொட்ட இடத்தில் துருவேறி அறுந்திருந்தது.

"அத்தான்ர மீன் தூண்டிலை அறுத்திட்டு ஓடிட்டுது!" மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மனைவி சிரிக்கவில்லை. "இஞ்சாருங்கோ, பால் காய்ச்ச நாள் வைச்சாச்சு" என்றாள்.

கயிற்றைப் பிடித்து இறங்கி மூழ்கினேன். இரண்டு தரம் சேறுதான் அகப்பட்டது. பிறகு குழாய் கையில் தட்டுப்பட்டது. மேலே கொண்டுவந்து துடைத்தால், தேயிலைச் சாயம் படிந்தது போல ஒரே மண்ணிறம். பச்சை ஒரு பொட்டும் இல்லை. மச்சான் அதை வாங்கி உருட்டி உருட்டிப் பார்த்தான். "சரி, போடுங்கோ" என்றான்.

அறுந்த கம்பியும் எனக்கு ஒன்றைச் சொல்லித் தந்தது: ஈரத்தில் செம்பைத் தொடும் இரும்பு நிலைக்காது. குழாயைச் சுவரில் பிடிக்க வாங்கி வைத்திருந்த இரும்புப் பட்டிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, செப்புப் பட்டிகள் தேடி எடுத்தேன். குழாய் மூட்டு ஒவ்வொன்றையும் நானே நெருப்புக் காட்டி, ஈயம் கலக்காத பற்றாசு வைத்து ஒட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டபோது மச்சான் மூட்டு மூட்டாக விரல் வைத்துக்கொண்டு போனான். விரல் காய்ந்தே இருந்தது.

பால் காய்ச்சும் நாளன்று மனைவி குசினியில் நின்றபடியே புதுப் பானையைக் கழுவினாள். ஆர் பூட்டினது என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டார்கள்.

"எங்கட ஆள்தான். கிணத்துக்குள்ள இறங்கிச் சோதிச்சுப் போட்டுப் பூட்டினவர். தடவிப் பாருங்கோ, ஒரு சொட்டு ஈரம் காணமாட்டியள்."

அவர்கள் ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தார்கள். முற்றத்தில் வந்தவர்களுக்குக் கதிரை போட வேண்டியவன் நான். போடாமல் குசினி வாசலிலேயே நின்றேன்.